மணலும் ஒரு மாணவியும்

ஓவியம் கைவராத ஒருவர் அனிமேஷன் படம் படைக்க இயலுமா என்னும் வினா, கேட்ட மாத்திரத்திலேயே விடை சொல்லிவிடத் தக்கது போலத் தோன்றும். நீந்தத் தெரியாதவன் முத்துக் குளிக்கப் போவதா என்று நாமும் ஒரு காலத்தில் எண்ணியவர்களே. அண்மையில் நண்பர் ஒருவர், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தம் மகளைக் குறித்து இதே வினாவை நம்மிடம் எழுப்பினார். "நேராக ஒரு கோடு போட வராது இவளுக்கு. பல்கலைக்கழகத்தில் அனிமேஷனும் குறும்படமும் படிக்கப் போகிறேன் என்கிறாள். நாலு பேர் சிரிக்க மாட்டார்களா? நீங்கள் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள். ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். மகள் கதவோரம் நின்றிருந்தாள்.

உருவங்களை வரைவது குறித்த மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேட்டறிவதே முறை. அது நமக்குரிய துறையன்று. நண்பர் நம்மிடம் கேட்டதும் அதுவன்று. தகுதியைப் பற்றி அவர் கேட்டார். அவருக்கு நாம் வாயால் விடை கூறவில்லை. ஏறத்தாழ அறுபதாண்டுகளுக்கு முன் வேறொரு மாணவி இதே குறையோடு ஒரு பல்கலைக்கழக வகுப்பில் அமர்ந்திருந்த செய்தியையும், அவர் படைத்த படங்களைப் பற்றி நாம் கொண்டுள்ள கருத்தையும் எழுதித் தருவதாகச் சொன்னோம். அந்தக் கட்டுரையே இது.

அம்மாணவியின் பெயர் கரோலின் லீஃப். 1946-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்து பெண்களுக்கென இயங்கிய ராட்க்ளிஃப் கல்லூரியில் பயின்றார். (அக்கல்லூரி 1999-ல் ஹார்வர்டுடன் முற்றிலும் இணைந்துவிட்டது.) ஹார்வர்டில் கலைப் பயிற்சிக்கென்றே 1963-ல் ஒரு கட்டடம் எழுந்தது. கார்ப்பெண்டர் மையம் என்று அதற்குப் பெயர். நம் சண்டிகர் நகரைத் திட்டமிட்ட லெ கொர்புசியே அதை வரைந்து கொடுத்தார். அங்கே டெரெக் லாம்ப் என்னும் ஆங்கிலேயர் அனிமேஷன் வகுப்பு நடத்தி வந்தார். படிப்பின் இறுதிக்கட்டத்தில் லீஃப் அவ்வகுப்பில் சேர்ந்தார். சேர்ந்தாரேயன்றி, தமக்கு வரைய வராது என்னும் அச்சம் அவரை விட்டபாடில்லை.

அனிமேஷன் என்பது என்ன என்பதைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு படமும் அசையாத தனிப்படமே. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள சிறு வேறுபாட்டைக் கண் ஏற்று, அசைவாகக் கருதிக்கொள்கிறது. ஆகவே இக்கலையின் உயிர் படத்தில் இல்லை, இரு படங்களுக்கு நடுவே உள்ள மாற்றத்தில் இருக்கிறது. இதைக் கூறாத ஆசிரியர் இல்லை. ஆனால் கூறிய மறுகணமே பென்சிலையும் தாளையும் கையில் கொடுத்து, முயலை வரை, பந்தை வரை என்று தொடங்கிவிடுவோரே பலர். லாம்ப் அவ்வாறு செய்யவில்லை. வரைந்துதான் ஆகவேண்டும் என்று அவர் வற்புறுத்தவில்லை. விரும்பிய பொருளைக் கேமராவின் கீழ் வைத்து நகர்த்திப் பார்க்குமாறு மாணவர்களை ஏவினார். நகர்த்தக் கூடியது எதுவும் பாடத்துக்கு உரிய பொருளே என்பது அவர் நிலை.

லீஃப் தேர்ந்தெடுத்தது கடற்கரை மணல்.

அடியிலிருந்து ஒளி வரும் கண்ணாடிப் பரப்பின் மீது மணலைக் கொட்டினார். மேலே கேமரா. மணல் செறிந்த இடம் கறுத்துத் தெரியும், மெலிந்த இடம் சாம்பல் நிறம் பெறும், விரலால் விலக்கிய இடத்தில் ஒளி பாயும். கோடு போடும் வேலையே அங்கு இல்லை. கூட்டுவதும் விலக்குவதும் மட்டுமே உண்டு. ஒரு படம் எடுத்தவுடன் மணலைச் சிறிதளவு தள்ளவேண்டும், மீண்டும் ஒரு படம் எடுக்கவேண்டும். அடுத்த உருவம் பிறக்கவேண்டுமாயின் முந்தைய உருவம் அழிந்தே தீரவேண்டும். தாளில் வரைபவருக்குப் பழைய தாள் கையிலிருக்கும், தவறு நேர்ந்தால் திருப்பிப் பார்க்கலாம். மணலில் வேலை செய்பவருக்குத் திரும்பிப் போக வழியே இல்லை. இரு படங்களுக்கு ஒரு மாற்றம் எனக் கொண்டாலும் விநாடிக்கு 12 முறை, பத்து நிமிடப் படத்துக்கு 7,200 முறை கலைத்துக் கலைத்து அமைக்கவேண்டும்.

இதைப் படிக்கையில் நம் முன்னோர் கல்வி தொடங்கிய விதம் நினைவுக்கு வராமற் போகாது. திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி, ஆள்காட்டி விரலால் அகரம் எழுதினார்கள். ஓதும் பள்ளியிலோ மரப்பலகையில் எழுதி, பாடம் வந்ததும் கழுவிவிட்டு அடுத்ததை எழுதினார்கள். எழுத்து அழிந்தது, ஆனால் எழுதிய விரல் அதை மறக்கவில்லை. மணல் மன்னிக்காத ஆசான் என்பதை அந்தப் பிள்ளைகள் அறிவார்கள். கோணலாக எழுதினால் முழுவதையும் தட்டிவிட்டு மறுபடி தொடங்கவேண்டியதுதான்.

லீஃப் அவ்வகையில் படைத்த முதற்படம் 'மணல், அல்லது பீட்டரும் ஓநாயும்' என்பது. 1960-களின் இறுதியில் வெளிவந்தது. ரஷ்ய இசைமேதை புரோகோஃபீவ் 1936-ல் சிறுவர்க்கென இசையமைத்த கதையை அடியொற்றியது. வெண்ணிற ஒளிப்பரப்பில் நிழலுருவங்களாகவே மாந்தரும் விலங்குகளும் தோன்றுகின்றனர். முகத்துக்குக் கண் மூக்கு வரைய இடமில்லை, புறவடிவமே பேசவேண்டும். ஓர் உருவம் வந்து நின்று, நடந்து, பின் மற்றொன்று வருவது என்ற முறையே இப்படத்தில் அருகிக் காணப்படுகிறது. ஒன்று கலையும்போதே அதே மணல் மற்றொன்றாகத் திரள்கிறது.

நிழலுருவப் படம் புதுமையன்று. ஜெர்மானியப் பெண்மணி லொட்டே ரைனிகர் 1926-லேயே 'இளவரசர் அஹ்மதின் வீரச்செயல்கள்' என்னும் முழுநீளப் படத்தை, கறுப்பு அட்டையை வெட்டி அமைத்த உருவங்களால் ஆக்கிவிட்டார். ஆயிரத்தோரு இரவுகளின் கதைகளிலிருந்து எடுத்த கரு அது. நம் வீடுகளில் அக்கதைகளைக் கேட்டு வளர்ந்தோர் அதைக் காண நேர்ந்தால் மகிழ்வர். ஆயினும் ரைனிகரின் இளவரசர் கத்தரிக்கோலால் வரையறுக்கப்பட்டவர். கையும் காலும் மூட்டில் அசையுமேயன்றி அவர் வேறொருவராக மாட்டார். லீஃபின் மணலில் எதற்கும் நிலையான எல்லை இல்லை. தோல்பாவைக் கூத்துக்கும் தண்ணீரில் ஆடும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு இது.

இனி, அந்த முதற்படத்தைப் போற்றுவதோடு நின்றுவிட்டால் நாம் விமரிசகர் அல்லர், விளம்பரக்காரர். ஆகவே குறையையும் கூறுகிறோம். உருமாற்றத்தின் இன்பத்தில் மாணவி மயங்கிவிட்டார் என்பது நம் எண்ணம். மணல் இவ்வளவு எளிதில் மாறுகிறதே என்ற வியப்பு அவருடைய கையை இழுத்துச் செல்கிறது. கதை சில இடங்களில் பின்தங்குகிறது. பீட்டரின் கதையை முன்பே அறியாத ஒருவர் எது ஏன் நிகழ்கிறது என்று தடுமாறக் கூடும். ஆனால் இது எத்தகைய குறை என்பதைப் பார்க்கவேண்டும். பிறர் படத்தைப் பார்த்து எழுதியதால் வந்த குறையன்று. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர், அதை எங்கே நிறுத்துவது என்று அறியாததால் வந்த குறை. மாணவப் பருவத்தில் இதைவிட நல்ல குறை ஒன்று இருக்க இயலாது.

ஹார்வர்டிலேயே அவருக்குச் சில ஆண்டுகள் முன்னதாக எலை நோய்ஸ் என்னும் மாணவர் களிமண்ணைக் கையிலெடுத்து, 'களிமண், அல்லது உயிரினங்களின் தோற்றம்' என்றொரு குறும்படத்தை 1965-ல் உருவாக்கியிருந்தார். ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட படம் அது. களிமண் உருண்டைகள் ஒன்றையொன்று விழுங்கி, புதுப்புது விலங்குகளாகி, விரைந்தோடும் விளையாட்டு. தலைப்பை எண்ணிச் சினம் கொள்ளவேண்டியதில்லை. டார்வினுக்காக வாதாட வந்த படமன்று அது, களிமண்ணின் குறும்பைக் காட்டவே வந்தது. அதைக் காண்கையில் நகைப்பு வருகிறது. ஆனால் கண்டு முடித்தபின் நெஞ்சில் தங்குவது சிறிதே. மணற்படம் அதனினும் தளர்ந்த நடை உடையதாயினும், அதில் ஒரு தனிமை இருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் பெற்ற பாடம் என்ன ஆயிற்று என்பதை அறிய, மாணவி வளர்ந்தபின் செய்தவற்றைப் பார்க்கவேண்டும். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 1972-ல் அவரை அழைத்துக்கொண்டது. அங்கே 1974-ல் 'வாத்தை மணந்த ஆந்தை' என்னும் படத்தை மணலாலேயே ஆக்கினார். வடதுருவப் பகுதியில் வாழும் இனூயிட் மக்களின் பழங்கதை அது. ஆந்தை ஒன்று காட்டு வாத்தின் மீது காதல் கொண்டு, வாத்துகளின் வாழ்க்கையைத் தானும் வாழ முயல்கிறது. பறவைக் கூட்டம் வலசை போகையில் பின்தொடர்ந்து, நீரில் இறங்கி, மூழ்குகிறது. முதற்படத்தில் மணல் தன் விருப்பப்படி மாறியது. இங்கோ ஆந்தை மாற விரும்புகிறது, மாற இயலவில்லை. எதுவாகவும் மாறக்கூடிய ஒரு பொருளைக் கொண்டு, மாறவே முடியாத ஓர் உயிரின் கதையைச் சொல்லத் துணிந்தார். மாணவியாய் இருந்தபோது நிறுத்த அறியாத கை, இப்போது எங்கே நிறுத்தவேண்டுமோ அங்கே நிற்கிறது.

அதன்பின் 1976-ல் வந்தது 'தெரு'. நம் வாசகர்கள் ஒரே ஒரு படத்துக்குத்தான் நேரம் ஒதுக்கக் கூடுமாயின் இதையே காணுமாறு வேண்டுவோம். அவ்வாரியத்தின் இணையத்தளத்திலேயே காணக்கிடைக்கிறது, பத்து நிமிடமே ஓடும். மார்டெகாய் ரிச்லர் எழுதிய கதை. மாண்ட்ரியால் நகரில் யூதர்கள் நெருங்கி வாழும் ஒரு தெரு. பாட்டி படுத்த படுக்கையாகிவிடுகிறார். அவர் நெடுநாள் தங்கமாட்டார் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். அவர் போனபின் அந்த அறை தனக்கென்று சிறுவன் காத்திருக்கிறான். பாட்டியோ போகவில்லை. பராமரிக்கும் தாய் தேய்ந்து போகிறாள். சிறுவன் காத்துக்கொண்டேயிருக்கிறான்.

இக்கதை நடக்காத வீடு எது? கட்டிலில் கிடக்கும் நன்னியின் இருமலை எண்ணியபடி, அடுத்த அறையில் எவருக்கும் உறக்கம் வராத இரவுகளை நாமெல்லோரும் அறிவோம். அவ்வேளையில் மனத்தில் எழுந்த எண்ணங்களை வெளியே சொல்ல எவரும் துணிவதில்லை. ரிச்லர் சொன்னார். லீஃப் அதைக் கொடுமையென்றும் காட்டாமல், வேடிக்கையென்றும் காட்டாமல் திரையில் வைத்தார். சிறுவன் தீயவனல்லன், சிறுவன். அவ்வளவே.

இதில் மணல் இல்லை. உலர்ந்துவிடாதபடி கலந்த வண்ணத்தைக் கண்ணாடியின் மேல் விரலால் பூசி, துடைத்து, மீண்டும் பூசி எடுத்த படம். பொருள் வேறாயினும் முறை ஒன்றே. முந்தையது அழிந்தால்தான் அடுத்தது வரும். சாதாரணத் திரைப்படத்தில் ஒரு காட்சியை வெட்டி மற்றொன்றை ஒட்டுவார்கள். இங்கே ஒருவரின் உருவம் பெருகிப் பரவி, அதுவே மற்றோர் இடமாகி, அவ்விடத்திலிருந்து மற்றொருவர் முளைக்கிறார். நெருக்கடியான வீட்டில் ஒருவர் மூச்சு மற்றவர் மேல் படுமன்றோ? அந்த நெருக்கம் உரையாடலில் சொல்லப்படவில்லை, வண்ணம் வண்ணத்தில் கரைவதில் இருக்கிறது. வெட்டி ஒட்டும் முறையில் இதே கதையை எடுத்திருந்தால் தனித்தனி அறைகளில் வாழும் தனித்தனி மனிதர்களையே நாம் கண்டிருப்போம் என்று நமக்குத் தோன்றுகிறது. இப்படமும் ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

ஓவியம் வராதென்று அஞ்சிய மாணவியின் மணலிலிருந்து இந்த வண்ணத்துக்கு வரும் வழி நேர்வழியே. கோடு வசப்பட்டிருந்தால் அவர் கோட்டையே நம்பியிருப்பார். மற்றவர்களைப் போலச் சுத்தமான முயல்களையும் பந்துகளையும் வரைந்திருப்பார். வராமையால், மாற்றம் ஒன்றையே பற்றிக்கொள்ள நேர்ந்தது. மாற்றமே இக்கலையின் உயிர் என்று மேலே சொன்னோம். தகுதியின்மை என்று அவர் எண்ணியது அவரை நேரே உயிரிடத்துக்குக் கொண்டு சேர்த்தது. எனினும் அந்த வகுப்பில் வேறோர் ஆசிரியர் இருந்து, முதலில் ஓராண்டு ஓவியம் பழகி வா என்று அனுப்பியிருந்தால் இப்படங்களில் ஒன்றும் நமக்குக் கிடைத்திராது. இவ்விடத்தில் லாம்பின் பெயரை நன்றியோடு குறிப்பிடுகிறோம்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். ஹார்வர்டு செல்வச் சீமான்களின் பல்கலைக்கழகமன்றோ, அங்கே மணலைக் கொட்டி விளையாட வசதியுண்டு, நம் பிள்ளைகளுக்கு அது ஏது என்பார்கள். நியாயமான மறுப்பு. இதற்கு ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரைச் சான்றாகக் காட்டுவோம். நார்மன் மெக்லாரன் 1930-களில் கிளாஸ்கோ கலைக்கல்லூரியில் மாணவராயிருந்தபோது கைக்குக் கேமரா கிடைக்கவில்லை. பழைய பிலிம் சுருள் ஒன்றைக் கழுவி, அதிலிருந்த படங்களை நீக்கிவிட்டு, வெறும் பிலிமின் மேலேயே மையால் தீட்டினார். கேமரா இல்லாமலே படம் பிறந்தது. பின்னாளில் அவரே கனடிய வாரியத்தின் அனிமேஷன் பிரிவைத் தோற்றுவித்தார். லீஃப் பணியாற்றச் சென்ற இடம் அவ்வாறு உருவானதே. ஆகவே வசதியைக் குறித்த வாதம் பாதி உண்மையே. ஆனால் மணலைக் கொட்டியவரெல்லாம் லீஃப் ஆகிவிடுவதில்லை என்பது முழு உண்மை. அதையும் நண்பரிடம் மறைக்க நாம் விரும்பவில்லை.

இற்றைநாள் மாணவர் படங்களைக் காணும்போது நமக்கு வேறொரு மனக்குறை உண்டு. கணினி வந்தபின் கை வேலை குறைந்தது, நன்று. தவறு நேர்ந்தால் ஒரு பொத்தானைத் தட்டி முந்தைய நிலைக்கே மீளலாம், அதுவும் நன்றே. ஆனால் மாணவரின் குறும்படத்தை மதிப்பிடுகையில், பெரிய நிறுவனங்களின் படம் போல் பளபளக்கிறதா என்றே பலரும் பார்க்கிறார்கள். எந்தெந்த மென்பொருள் தெரியும் என்ற பட்டியலே தகுதிச் சான்றாகிவிட்டது. பளபளப்பு பின்னர் எவ்விடத்தும் கற்றுக்கொள்ளக் கூடியது. ஒரு மாணவி தன் படத்தில் எதைத் தானே கண்டுபிடித்தாள் என்று கேட்பதுதான் விமரிசகனின் கடமை. லீஃபின் முதற்படத்தை இன்று ஒரு தேர்வுக் குழுவின் முன் வைத்தால், முகங்களுக்குக் கண்ணில்லை, கதை தெளிவாக இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்களோ என்று ஐயுறுகிறோம்.

இவ்வளவையும் எழுதி நண்பருக்குக் காட்டச் சென்றோம். அவர் படித்து முடிக்குமுன் மகள் வந்து, "சாச்சா, இதைப் பாருங்கள்" என்று தன் கைப்பேசியை நீட்டினாள். முன்னைய நாள் நாம் சொல்லிச் சென்றதைக் கேட்டவள், உடைந்த கண்ணாடிச் சட்டம் ஒன்றை இரு செங்கற்களின் மேல் கிடத்தி, அடியில் அவசர விளக்கை வைத்திருக்கிறாள். மணலுக்காகக் கடற்கரைக்குப் போகவில்லை. அடுக்களையிலிருந்து ரவையை எடுத்திருக்கிறாள். வெண்மையான ரவையும் பின்னொளியில் கறுத்தே தெரியும் என்பது நமக்கே அன்றுதான் தெரிந்தது. கைப்பேசியை மேலே கட்டித் தொங்கவிட்டு 132 முறை கலைத்து எடுத்த படம், 11 விநாடி ஓடியது. ஒரு சேவல் நடந்து வந்து, குனிந்து, பூனையாகி ஓடிவிட்டது.

நண்பர் இருமுறை பார்த்தார். மூன்றாம் முறையும் ஓடவிடச் சொன்னார்.

"சேவலின் வால் எங்கே போயிற்று?" என்று கேட்டார்.

"அதுதான் வாப்பா பூனையின் வாலும்" என்றாள் மகள்.

உள்ளே அவள் உம்மா அந்த ரவையைச் சலித்துக்கொண்டிருந்தார்.